ஈர்க்கு நுனி

"தாயே, ஒரே ஒரு வார்த்தை. அதுகூட ஒரு அழுத்தமா?"

கேட்டவள் ஆவுடையம்மாள். மடத்தில் அன்னதானத்துக்காக மந்தாரை இலைகளை ஈர்க்கால் தைத்துக்கொண்டிருந்த ஞானத்தாய் நிமிர்ந்தார். ஆவுடையம்மாளைவிடப் பதினைந்து வயது இளையவர். துறவுக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவர்.

"யார் சொன்னது, அக்கா?"

"என் மக கோமதிதான். 'நீ என்னைப் போட்டு அழுத்துதே'ன்னு சொல்லிட்டு போனை வெச்சவதான். இருபது நாளாச்சு. எடுக்கவே மாட்டேங்கா. பிள்ளையாருக்குத் தேங்காய்கூட உடைச்சுட்டேன். ம்ஹூம்."

"அப்படி என்ன கேட்டீங்க?"

"கல்யாணம் ஆகி ஆறு வருஷம். 'விசேஷமா?'ன்னு கேட்டேன். பெத்தவ கேக்கக் கூடாதா?"

ஞானத்தாய் இன்னொரு இலையை எடுத்தார்.

"எனக்குக் குழம்புது, தாயே. டாக்டரம்மா ரத்த அழுத்தம்ங்காங்க. குக்கர் விசில் அடிச்சா ஆவியோட அழுத்தம்ங்காங்க. எல்லாம் சரி. ஒரு வார்த்தைக்கு ஏது கனம்?"

"கையை நீட்டுங்க."

நீட்டினாள்.

"இந்த உள்ளங்கை மேலே காற்று ஒரு அரிசி மூட்டை கனத்துக்கு அழுத்துது."

ஆவுடையம்மாள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வலிக்கலையே?"

"மேலே, கீழே, சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்துது."

"இப்ப இன்னும்லா குழம்புது!"

ஞானத்தாய் மடித்த கோணி மேல் ஓர் இலையை வைத்தார்.

"அழுத்துங்க."

"அண்டா தூக்கின கை தாயே, இது. பார்த்துக்கிடுங்க."

இரண்டு கையையும் ஊன்றி, மூச்சு வாங்க அழுத்தினாள். இலை கொஞ்சம் தட்டையானது. அவ்வளவுதான்.

ஞானத்தாய் சீவிய ஈர்க்கின் நுனியை இலை மேல் நிறுத்தி, சுண்டு விரலால் லேசாகத் தள்ளினார்.

இலையில் ஓட்டை.

"இது எனக்குத் தெரியாதா? நாற்பது வருஷமா தைக்கேன்!"

"யார் பலமா அழுத்தினது?"

"நான்தான்."

"கிழிஞ்சது எதுல?"

"உங்க ஈர்க்குலதான். எல்லாம் ஒரே நுனியில இறங்கிட்டுல்லா."

"மகள்கிட்ட தினமுமா கேட்பீங்க?"

"தினமும்தான். விளக்கேத்தின கையோட."

"வேற என்ன பேசுவீங்க?"

"வேற என்னத்த? பாவம், அவளுக்கு வேலை கிடக்கும்லா. அதை மட்டும் கேட்டுட்டு வெச்சிருவேன்."

"என்ன வேலை?"

"கம்பெனியில."

"அங்கே என்ன செய்றா?"

ஆவுடையம்மாள் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"மத்தியானம் யாரோட உட்கார்ந்து சாப்பிடுறா?"

ஓட்டை விழுந்த இலையை எடுத்து மடியில் வைத்தாள்.

"ராத்திரி நல்லாத் தூங்குறாளா?"

வெளியே பந்தி போடச் சொல்லி யாரோ குரல் கொடுத்தார்கள். ஞானத்தாய் இலைக்கட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அந்த ஒண்ணைத் தவிர வேற எதுவும் கேட்டதில்லையே, தாயே" என்றாள் ஆவுடையம்மாள்.