தட்டிய கை ஓய்ந்தபோது

அந்தக் காலத்தில் உடம்புக்குள் இருக்கிற உறுப்புகளுக்கும் வாய் இருந்தது. வெளியே இருப்பவர்களோடு சரிக்குச் சரி பேசும். பேச்சுதான் பெரிசு, சொல்லாமல் ஒரு வேலையும் செய்யாது. இதயத்திடம் "துடி" என்றால்தான் துடிக்கும், அதுவும் ஒரே ஒரு தடவை. பெரியவர்கள் உறக்கத்திலும் அதை முணுமுணுத்துக்கொண்டே கிடப்பார்கள். பேச்சு வராத பிள்ளைக்குத் தாயும் தகப்பனும் முறைபோட்டுச் சொல்ல வேண்டும், வேறு யார் சொன்னாலும் செல்லாது. அந்தச் சொல்லை வாங்கி இதயத்திடம் சேர்ப்பது, முதுகெலும்பை ஒட்டி உட்கார்ந்திருக்கும் நரம்பு முடிச்சின் வேலை. சொன்னதற்கு மேல் இம்மியும் செய்யாது. அப்படியொரு கறார்.

சடைச்சியின் புருஷன் காத்தான் உப்பு வாங்க அக்கரைக்குப் போன நேரம் பார்த்து ஆறு பெருகிவிட்டது. கைக்குழந்தை பேச்சியோடு அவள் தனியே மாட்டிக்கொண்டாள். சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டி, கடைசியில் குரலே எழும்பவில்லை. தன் இதயத்துக்கு உதட்டுக்குள் முணுமுணுத்தாலே போதும், பிள்ளைக்கு உரக்கச் சொல்ல வேண்டுமே. பிள்ளையைத் தோளில் சாய்த்து முதுகில் தட்டினாள்.

"இது என்ன புதுப் பழக்கம்?" என்றது பிள்ளையின் முடிச்சு. "வாயால சொல்லு தாயி. தட்டுனா எனக்கு என்ன தெரியும்?"

"தொண்ட போச்சுய்யா." பிள்ளையின் முதுகில் வாயை ஒட்டவைத்துச் சொன்னாள், காற்றுதான் வந்தது. "ஒரு தட்டுக்கு ஒரு துடிப்புன்னு வச்சுக்கோ. உனக்குப் புண்ணியமாப் போகும்."

முடிச்சு முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டது. தட்டு வரவர அது மெல்லத் தடித்தது, இதயத்தின் பக்கமாகப் புது இழைகள் விட்டது. சடைச்சிக்கு அதெல்லாம் தெரியாது. கை மரத்துப்போனது மட்டும் தெரிந்தது. வெயில் உச்சிக்கு வந்தபோது உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டாள்.

விழித்தபோது நிழல் கிழக்கே நீண்டிருந்தது. கை தரையில் கிடந்தது.

"ஐயோ, கொன்னுட்டேனே!"

பிள்ளையின் முதுகில் காதை வைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. வைத்தாள். உள்ளே துடித்துக்கொண்டிருந்தது.

"யாரு சொன்னா?" என்றாள், கரகரத்த குரலில்.

"நான்தான்," என்று தயங்கியது முடிச்சு. "உன் கை நின்னுபோச்சு. அடுத்தது எங்கன்னு இதயம் கேட்டுச்சு. உத்தரவு இல்லாமச் சொல்லுதது தப்புதான். ஆனா வாங்கி வாங்கி அந்தத் தாளம் எனக்கே பழகிப்போச்சு தாயி. சும்மா இருக்க முடியல."

"நல்ல தப்புதான் போ!" சடைச்சிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "இனி நீயே பாத்துக்கோ. ஆனா இவ நாளைக்கு ஓடுவா, மரம் ஏறுவா, பயப்படுவா. இந்த ஒரு தாளம் போதுமா?"

"இதப் பழகுன மாதிரி அதையும் பழகிக்கிடுதேன்."

ஆறு வடிந்து காத்தான் வருவதற்குள் ஊரிலுள்ள முடிச்சுகளெல்லாம் அந்த வித்தையைக் கேட்டுப் பழகிவிட்டன.

அன்று முதல்தான் இதயம் நம்மைக் கேட்காமல் துடிக்கிறது. ஓடுகிறவனுக்கு ஒன்று, உறங்குகிறவனுக்கு ஒன்று என்று முடிச்சுகளும் பழகப் பழகத் தங்களை மாற்றிக்கொள்கின்றன. அன்று முதல்தான் தாய்மார் பிள்ளையின் முதுகில் தட்டித் தூங்கவைக்கிறார்கள், தூங்கியதும் பயமில்லாமல் கையை எடுக்கிறார்கள்.