படி தாண்டுன பாப்பா

ஒரு ஊர்ல ஒரு லாரி இருந்துச்சு. ராஜா இல்ல, ராணி இல்ல, லாரிதான். அப்புச்சிக்குத் தெரிஞ்சது அதுதான், பேசாம கேளு சாமி. அந்த லாரிக்கு ஒரு டிரைவர். அவருக்கு ஒரு சம்சாரம், ஒரு பொண்ணு. பொண்ணு பேரு மல்லிகான்னு வெச்சுக்குவோம். அப்புறம் தவழ்ற வயசுல ஒரு தம்பிப் பாப்பா. எங்க, ம் போடு.

"ம்."

அந்த வீட்ல ஒரு வழக்கம் உண்டு. பாப்பா புதுசா என்ன பண்ணாலும் அன்னிக்கே ஒரு பலகாரம் செஞ்சு தெருவுக்கே குடுப்பாங்க. குப்புற விழுந்தா அப்பம். பல்லு மொளச்சா பல்லுக் கொழுக்கட்டை. வாசப்படியத் தாண்டி வெளிய வந்துட்டா, அரிசி மாவுல வெல்லம் போட்டுப் பிடி கொழுக்கட்டை. ஆனா யாரும் தூக்கி விடக்கூடாது. அதுவாத் தாண்டணும்.

அப்போ அந்த டிரைவர் இருக்காரே, அவருக்கு இது ஒண்ணையும் பாக்கக் குடுத்து வெக்கல. பாப்பா குப்புற விழுந்தப்ப அவரு நாக்பூர்ல. பல்லு மொளச்சப்ப பெஜவாடாவுல டயர் கழட்டிட்டிருந்தாரு. அம்மா அவருக்குன்னு கொழுக்கட்டைய எடுத்து வெப்பாங்க. அவரு வந்து சேர்றதுக்குள்ள அது கல்லாட்டம் ஆயிடும். கடக்கு முடக்குன்னு கடிச்சுட்டு, நல்லாருக்குன்னு சொல்லுவாரு. சொல்லிட்டுத் தின்னுட்டு எந்திரிச்சு லாரியத் தொடைக்கப் போயிடுவாரு. தொடச்ச லாரியவே தொடைப்பாரு. மல்லிகா அதப் பாத்துட்டே நிப்பா. அவளுக்கு அழுகையா வரும்.

அப்புறம் ஒரு நாள், அப்பா காலையில வந்தாரு, மத்தியானம் லோடு ஏத்திட்டுக் கெளம்பணும். கொல்லையில குளிக்கப் போயிட்டாரு. ஜள் ஜள்ளுன்னு தண்ணி ஊத்திக்கிற சத்தம். பாப்பா சும்மா இருப்பானா? தவழ்ந்து தவழ்ந்து, டொப் டொப் டொப்புன்னு போனான். வாசப்படி மேல கைய வெச்சான். வயித்த வெச்சான். தொப்.

"தாண்டிட்டானா?"

தாண்டிட்டான். மல்லிகா கத்தறதுக்கு வாயத் தொறந்தா. அப்புறம் மூடிக்கிட்டா. ஏன்னா, அப்பா பாக்கலையே. இதுவும் போச்சே. அந்தப் பக்கம் பாத்தா, இந்தப் பக்கம் பாத்தா. பாப்பாவ அக்குள்ல கை குடுத்துத் தூக்கி, உள்ள கொண்டாந்து உக்கார வெச்சுட்டா. அவன் காதுல குனிஞ்சு சொன்னா: "நீ இன்னும் தாண்டல. சரியா?"

அவன் பிர்ர்ர்ருன்னு எச்சி ஊதுனான். அவனுக்கென்ன.

அப்பா தலையத் துவட்டிட்டு வந்ததும், அவரக் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி வாசல்ல உக்கார வெச்சா. இன்னிக்குத் தாண்டிடுவான், இங்கயே இருங்கன்னுட்டா. மொதல்ல கிலுகிலுப்பைய ஆட்டுனா, கிலு கிலு கிலு. பாப்பா படி வரைக்கும் வந்தான், திரும்பிப் போயிட்டான். அப்புறம் ஒரு துண்டு வெல்லத்தக் காட்டுனா. வந்தான், படி மேல சாஞ்சு வாயத் தொறந்தான், அங்கயே குடுன்னு. வெவரமான பய. அப்புறம் தட்டத்துல கரண்டியால டங்கு டங்குன்னு அடிச்சா. பாப்பா காதப் பொத்திட்டு அழுதான். பக்கத்து வீட்டு நாய்கூட எந்திரிச்சுப் போயிருச்சு.

"அப்புறம்?"

வெயில் ஏறிருச்சு. அப்பா சட்டையப் போட்டுட்டாரு. மல்லிகாவுக்கு மூக்கு செவந்துருச்சு. அப்பா என்ன சாமின்னு கேட்டதுக்கு, ஒண்ணுமில்லீங்கப்பான்னு சொல்லிட்டா. நடந்தத மறைச்சதுக்கு அவன் இனிமே தாண்டவே மாட்டானோன்னு பயம் வேற.

அப்பா போயி லாரியில ஏறுனாரு. டுர்ர்ர்ருன்னு வண்டியக் கெளப்புனாரு. கெளம்பறப்ப ஆரன் அடிக்கிறது அவரு பழக்கம். பாம், பாம்னு அடிச்சாரு.

உள்ள இருந்து டொப் டொப் டொப் டொப்புன்னு சத்தம். கை, வயிறு, தொப். பாப்பா வாசல்ல கெடக்கறான், லாரியப் பாத்துச் சிரிக்கறான். வெல்லத்துக்கு வராத பய ஆரனுக்கு வந்தான். அப்பா வண்டிய நிறுத்திட்டு, ஒத்தச் செருப்போட ஓடி வந்து அவனத் தூக்கிட்டாரு. மல்லிகா அவரு காலக் கட்டிக்கிட்டா.

அப்போ அம்மா ஒரு தட்டு நெறையக் கொழுக்கட்டை கொண்டாந்தாங்க. ஆவி பறக்குது. மல்லிகா முழிச்சா. மாவு பெசையணும், வெல்லம் காய்ச்சணும், வேக வெக்கணும், இப்பத்தான தாண்டுனான்? அம்மா குனிஞ்சு அவ காதுல சொன்னாங்க: "சமையக்கட்டுக்குச் சன்னல் இருக்குது கண்ணு. அவன் காலையில தாண்டுனப்பவே பாத்துட்டு மாவப் பெசஞ்சுட்டேன்."

அப்பா அன்னிக்குத்தான் மொத மொத சூடான கொழுக்கட்டை தின்னாரு. ஊஃப் ஊஃப்னு ஊதி ஊதி, நாக்கச் சுட்டுக்கிட்டு.

"அப்புச்சி, பாவம் அந்த அப்பா. அவருக்கு மட்டும் தெரியவே தெரியாதா?"

நீ இன்னும் தூங்கலையா? தெரியும் சாமி. தண்ணி ஊத்திட்டிருந்த நான்தான், கொல்லைக் கதவுக்கு வெளிய சோப்பு நுரையோட நின்னு பாத்துட்டேனே. பாப்பா தாண்டுனதையும் பாத்தேன், உங்கம்மா அவன எனக்காகத் தூக்கி உள்ள வெச்சதையும் பாத்தேன். அதுக்கப்புறம், நான் பாத்துட்டேன்னு சொல்ல எனக்கு எப்படி வாய் வரும்?

"மல்லிகா எங்கம்மாவா?"

பின்ன யாரு. நான் பாத்தது இன்னும் அவளுக்குத் தெரியாது, நீ ஒளறிடாத. கொழுக்கட்டை ஆறிப்போச்சு, கதை தீந்துபோச்சு. கண்ண மூடு சாமி.

"ம்..."