சோற்றுக்கல்லும் மூக்குக்கல்லும்

ஜமீன்தாருக்கு மூன்று வருஷமாக மூக்கில் நாற்றம். அரண்மனை வைத்தியர் ஆபத்சகாயம் அண்டா அண்டாவாகக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தும் அடங்கவில்லை.

அரண்மனையில் அரிசி புடைக்கும் பூவாயி ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சபை நடுவிலேயே வாய் திறந்தாள். "சளின்னா ரெண்டு மூக்கும் ஒழுகும். எசமானுக்கு வலது மூக்கு மட்டுந்தானே நாறுது? உள்ளே கல்லு இருக்கு சாமி."

"மூக்கில் இருக்கும் கல்லுக்கு மூக்குத்தி என்று பேரடி!" வைத்தியர் வயிறு குலுங்கச் சிரித்தார். "கல்லைக் காட்டு. இல்லையென்றால் ஊரைவிட்டே ஓடு."

பூவாயி ஒரு வெள்ளிக் கம்பியை வாங்கி, ஜமீன்தாரின் வலது மூக்கில் மெல்ல விட்டுத் தட்டினாள். 'டக்'கென்றது. சபை முழுக்கக் கேட்டது.

வைத்தியரின் முகம் சுண்டிப்போனது. "உனக்கு எப்படியடி தெரிந்தது?"

பூவாயி முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "இருபது வருஷமா இந்த அரண்மனை அரிசியில நான்தான் கல்லு பொறுக்குறேன். ஒருநாளாவது உங்க பல்லுல கடிபட்டிருக்கா, சாமி?"