அடிகளின் பெயர் எழுதிய டப்பா

குருவுக்கு வயது ஐம்பத்தொன்று. சீடருக்கு அறுபத்து மூன்று. குளித்தலைக்குக் கிழக்கே காவிரிக்கரையில் இருந்த அந்தச் சின்ன மடத்தில் இது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. குரு கூத்தபிரான் அடிகள் தன்னைவிட இளையவர்களையும் ‘ஐயா’ என்றுதான் அழைப்பார். சீடர் பச்சைமுத்து முப்பது வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துவிட்டு வந்தவர். மடத்துச் சமையலும் விறகு பிளப்பதும் அவர் பொறுப்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை, சுகாதார நிலையத்துச் செவிலியர் ரோஸ்லின் மடத்து வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தார். ஊர் வரிசையில் நின்றது. ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பா. சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அதில் சிறுநீர் பிடித்துத் தர வேண்டும்.

“எனக்கு வேண்டாம்மா. கோடாலி பிடிக்கிற கை இது” என்றார் பச்சைமுத்து.

“அப்ப சாமிக்காவது வாங்கிட்டுப் போங்க.” ரோஸ்லின் ஒரு டப்பாவில் அடிகளின் பெயரை எழுதி நீட்டினார்.

பச்சைமுத்து டப்பாவோடு உள்ளே போனார். அடிகள் கால் கழுவிய தண்ணீரை ஊரார் தலையில் தெளித்துக்கொள்கிறார்கள். அந்தத் திருமேனியிலிருந்து போவதைப் பிடித்து, மேஸ்திரியின் டப்பாவுக்கும் ரேஷன் கடைக்காரர் டப்பாவுக்கும் நடுவில் வைப்பதா? மனம் ஒப்பவில்லை. அடிகளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கொல்லைப்பக்கம் போய்த் தானே நிரப்பிக் கொண்டுவந்து வைத்தார்.

ரோஸ்லின் சோதனைப் பட்டையை முக்கினார். மஞ்சளாக இருந்த முனை பச்சையானது. இன்னொன்றை முக்கினார். அதுவும் பச்சை. எழுந்து உள்ளே வந்தார்.

“சாமி, உங்க யூரின்ல புரதம் போகுது. ரத்தத்துல இருக்க வேண்டியது. கிட்னி அதைப் பிடிச்சு வைக்கணும். உங்களுக்குக் கொஞ்சம் நழுவ விடுது.”

அடிகள் ரோஸ்லினைப் பார்த்தார். பிறகு பச்சைமுத்துவைப் பார்த்தார். பச்சைமுத்து தூணைப் பார்த்தார்.

“பயப்படணுமாம்மா?”

“இப்பவே கவனிச்சா பயமில்ல. இது முதல் அடையாளம். அப்படியே விட்டா ஒரு நாள் மெஷின் வெச்சு ரத்தத்தைச் சுத்தம் பண்ற நிலைமை வரலாம். உப்பைக் குறைங்க. ஊறுகாய், அப்பளம் வேண்டாம். மூட்டு வலிக்குக் கடையில மாத்திரை வாங்கிப் போடுவீங்களா?”

“நான் போடறதில்ல. பச்சைமுத்து ஐயா, நம்ம மடத்துல யாரு போடறது?”

“நான்தான் சாமி. முழங்காலுக்கு. தினம் ஒண்ணு.”

“அதை முதல்ல நிறுத்துங்க, தாத்தா” என்றார் ரோஸ்லின். “அடுத்த செவ்வாய் வரேன் சாமி. மறுபடி பார்த்துட்டு, அப்பவும் இருந்தா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன்.”

“சரிம்மா. இன்னையிலேருந்தே எனக்கு உப்பு வேண்டாம்” என்றார் அடிகள்.

டப்பா தன் கைக்கே வரவில்லை என்பதை அடிகள் மறந்திருப்பார் என்று பச்சைமுத்து நினைத்தார். சாப்பிட்டோமா என்பதையே மறக்கிறவர்.

அன்றிலிருந்து இரண்டு பானை. உப்பில்லாதது குருவுக்கு. உப்பிட்டதும் எலுமிச்சை ஊறுகாயும் சீடருக்கு. அடிகள் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். எதிரே உட்கார்ந்த பச்சைமுத்து தலை நிமிராமல் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார்.

காலையில் கழிப்பறையில் குனிந்து பார்த்தார். நுரை. சோப்புத் தண்ணீர் கொட்டியதுபோல் நின்றது. பல மாதமாகவே அப்படித்தான். வேகத்தில் வருவது என்று எண்ணியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை அடிகளே டப்பாவை நிரப்பினால் பட்டை மஞ்சளாகவே இருக்கும். முதலில் பார்த்ததில்தான் ஏதோ தவறு என்று அந்தப் பெண் போய்விடுவாள். பொய் வெளியே வராது. நுரையும் தன்னோடு இருந்துவிடும்.

வெள்ளிக்கிழமை புட்டுக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தார். அடிகள் அடுக்களைக்குத் தண்ணீர் குடிக்க வந்தார்.

“சாமி, பொதுவா கேக்கறேன். வலியில்ல, வீக்கமில்ல, பசி நல்லா எடுக்குது. அப்படிப்பட்ட ஒருத்தனுக்கு எதுக்கு வைத்தியம்?”

அடிகள் முறத்தில் விழும் மாவைப் பார்த்தார்.

“இன்னைக்குச் சலிக்கிறது எப்படி இருக்கு ஐயா?”

“ரொம்ப சுலபமா இருக்கு. தட்டவே வேண்டாம். தானா இறங்குது.”

அடிகள் சல்லடையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஓரத்தில் கம்பி விட்டு, சுண்டுவிரல் நுழையும் அளவு கிழிந்திருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடித்துப் போனார்.

பச்சைமுத்து அன்று மாத்திரை போடவில்லை. முழங்கால் வலித்தது.

செவ்வாய்க்கிழமை ரோஸ்லினின் ஸ்கூட்டர் வாசலில் வந்து நின்றதுமே பச்சைமுத்து எதிரே போய் நின்றார்.

“எனக்கும் ஒண்ணு குடும்மா.”

“கோடாலி கை என்னாச்சு தாத்தா?”

“பேரை எழுது.”

இரண்டு டப்பாக்களோடு உள்ளே வந்தார். அடிகள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். தொட்டுக்கொள்ள அவித்த பீர்க்கங்காய். இரண்டிலும் உப்பில்லை.

“சாமி, போன வாரம் கொடுத்தது உங்களோடது இல்ல. என்னோடது.”

“ஆமா.”

“தெரியுமா?”

“என்கிட்ட யாருமே டப்பா நீட்டலையே.”

பச்சைமுத்து டப்பாக்களைக் கீழே வைத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

“அப்புறம் எதுக்கு சாமி ஏழு நாளா இந்தப் பத்தியம்?”

“உப்பைக் குறைக்கணும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. யாராவது ஒருத்தர் பத்தியம் இருக்கணுமே. நீங்க ஊறுகாயை விடற மாதிரி தெரியல.” அடிகள் கஞ்சியில் ஒரு வாய் குடித்துவிட்டு, அக்கறையோடு கேட்டார். “இப்ப உங்களுக்கு எப்படி இருக்கு?”

“இன்னைக்குக் காலையிலயும் நுரை நிக்குது சாமி.”

அடிகள் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“நான் ஏழு நாளா உப்பைத் தொடலையே ஐயா. அப்படியுமா?”