ஆசானுக்கு ஒரு பாட்டில்

தலை நரைத்த பிறகுதான் சிகாமணிக்குச் சிஷ்யனாகும் எண்ணம் வந்தது. ஆசான் யோவேல் அவரைவிட வயதில் சின்னவர். இருந்தால் என்ன. அந்த மலையடிவாரத்தில் பியர் காய்ச்சத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

காரணம் இல்லாமல் வரவில்லை. சிகாமணியின் அண்ணன் செல்லையா தொண்டையில் புற்று வந்து படுத்திருந்தார். ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். ஒரே ஒரு ஆசை என்றார். வாலிபத்தில் அண்ணனும் தம்பியும் அடுக்களையில் திருட்டுத்தனமாகக் காய்ச்சிக் குடித்தார்களே, அந்த முதல் பியர். அதில் ஒரு வாய்.

என்ன போட்டோம், எவ்வளவு போட்டோம், சிகாமணிக்கு ஒன்றும் நினைவில்லை. கசப்பு மட்டும் நாக்கில் இருந்தது.

ஆசானிடம் ஒரு வழக்கம். அவர் கொட்டகையில் யார் காய்ச்சினாலும், ருசி பார்க்கும் முன்பே ஒரு பாட்டில் அடைத்து அவர் பலகையில் வைத்துவிட வேண்டும். நல்லதோ கெட்டதோ. ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

முதல் தடவை காய்ச்சியதை சிகாமணி வாயில் வைத்தார். துப்பினார்.

“கசப்பு ஏறிட்டுது ஆசானே. ஹாப்ஸ் பூவை முதல்லயே போட்டுக் கொதிக்க விட்டுட்டேன்.”

“குடிக்கலாம்.”

“இது அது இல்ல.”

மிச்சத்தை வாழைத்தூரில் கொட்டினார்.

“அண்ணனைப் பாத்தீரா?”

“சரியா வந்ததும் கையோட கொண்டு போவேன். வெறுங்கையோட போய் அந்த மூஞ்சில எப்படி முழிக்க?”

ஆசான் பலகையிலிருந்த பாட்டிலைத் துடைத்து வைத்தார்.

அடுத்த தடவை பூவைக் கடைசியில் போட்டார். வாசனை வந்தது, கசப்பு வரவில்லை. கொட்டினார். வேறு பூ வாங்கினார், நாரத்தைத் தோல் மாதிரி மணத்தது. கொட்டினார். பார்லியைக் கருக வறுத்தார். கருப்பட்டி சேர்த்தார். எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. நுரைத்து அடங்கும்வரை பீப்பாய் பக்கத்திலேயே பாயை விரித்துக் கிடந்தார். அண்ணன் வீடு நடக்கிற தூரம்தான்.

“உம்மால என் வாழை குலை தள்ளாம ஆடிக்கிட்டு நிக்கு வே,” என்றார் ஆசான். “அண்ணனைப் பாத்தீரா?”

“இந்தத் தடவை விடாது ஆசானே.”

அடைமழையில் ஒருநாள் சரியாக வந்தது. ஒரே மிடறு. சிகாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. அதே கசப்பு. அடுக்களைப் புகை உட்பட. ஆசானின் பங்கைக்கூட மறந்து, பாட்டிலைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஓடினார்.

தெருமுனையில் சைக்கிளில் எதிரே வந்தவன் அவரைப் பார்த்ததும் இறங்கி நின்றான்.

“உங்களைக் கூப்பிடத்தான் வந்தேன்,” என்றான். சைக்கிளை அண்ணன் வீட்டுப் பக்கம் திருப்பினான்.

அடக்கம் முடிந்து திரும்பியபோதும் பாட்டில் துண்டுக்குள்ளேயே இருந்தது. ஆசானின் பலகையில் வைக்கப் போனார். பலகை காலி.

“நான் வச்ச பாட்டில் எல்லாம் எங்க ஆசானே?”

“உம்ம அண்ணன் குடிச்சாரு.”

சிகாமணி காலிப் பலகையைத் தடவிப் பார்த்தார்.

“எல்லாத்தையுமா?”

“கடைசியில ஸ்பூன்ல அவரு நாக்கை நனைச்சேன்.”

“எதை... எதை அதுதான்னு சொன்னாரு?”

“ஒவ்வொண்ணையும்.”

சிகாமணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே வே!”

“சொல்லக் கூடாதுன்னு கையடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு. அவனா வரட்டும்னாரு.”

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

“என்னைக் கேட்டாரா?”

ஆசான் துண்டைப் பிரித்து, பாட்டிலைப் பலகையில் வைத்தார்.

“கேக்கல. நான் போறப்ப எல்லாம் ரெண்டு தம்ளர் வைக்கச் சொல்லுவாரு. ரெண்டாவதுல எனக்கு ஊத்தப் போனா, கையைப் பிடிச்சுக்கிடுவாரு.”