செவ்வாய் ராணியின் கடைசி வார்த்தை

முப்பது வருஷமாக வந்துகொண்டிருக்கும் 'விண்கோட்டை' படங்களுக்குத் திருச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ரசிகர் மாநாடு நடந்தது. கைக்குழந்தையோடு முன்வரிசையில் உட்கார்ந்த ரோஸ்லினைப் பார்த்ததும் மன்றத் தலைவர் குலோத்துங்கனுக்குப் பொறுக்கவில்லை. மேடையிலிருந்து மைக்கிலேயே கேட்டார்.

"ஏம்மா, இது தடுப்பூசி முகாம் இல்ல. ரசிகர்களுக்கு மட்டும்தான் இடம்."

கூட்டம் சிரித்தது. ரோஸ்லினுக்குக் காது மடல் கொதித்தது.

"நானும் ரசிகைதான் சார்."

"அப்படியா? போன வருஷம் தமிழ்ல வந்த பாகத்துல, செவ்வாய் ராணி சாகும்போது 'மைக்காப்பண்ணு'ன்னு சொல்றாளே, அதுக்கு அர்த்தம் சொல்லு. தெரியலைன்னா நடையைக் கட்டு."

"உங்களுக்குத் தெரியுமா சார்?"

"மைக்காப்பன் அவங்க கிரகத்தோட ஆதி தெய்வம். உயிர் போகும்போது ராணி அவனைக் கூப்பிடுறா. நாற்பது பக்கம் ஆராய்ச்சி எழுதியிருக்கேன்."

ரோஸ்லின் எழுந்தாள். "தெய்வமும் இல்லை, பூதமும் இல்லை சார். ராணிக்கு டப்பிங் பேசினது நான். அப்போ எனக்கு எட்டு மாசம். பேசிட்டிருக்கும்போதே வயித்தை இழுத்துப் பிடிச்சுது. நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். அதையும் படத்துல சேர்த்துட்டாங்க."

"யார் வேணா என்ன வேணா சொல்லலாம். ஆதாரம் எங்கே?"

ரோஸ்லின் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவரை நேராகப் பார்த்து, ராணியின் அதே குரலில், அடித்தொண்டையிலிருந்து சொன்னாள்.

"மைக்க ஆஃப் பண்ணு."

அந்தக் குரலை அறியாதவர் மண்டபத்தில் ஒருவர்கூட இல்லை. ஒலிபெருக்கிக்காரர் தன்னையறியாமல் சுவிட்சைத் தட்டிவிட்டார். தலைவரின் வாய் மட்டும் வெகுநேரம் அசைந்துகொண்டிருந்தது.