அம்மாவின் கை இருந்த தோள்

தாராபுரத்தில் ரைஸ் மில் முதலாளி சென்னியப்பன் சொன்னால் மறுபேச்சு கிடையாது. தன் அம்மாவின் எண்பதாவது பிறந்தநாள் படங்களைப் பார்க்க, அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தார். வந்ததும் குடும்பப் படத்தில் விரலை வைத்தார்.

“இவ என் தங்கச்சி. சாதி விட்டுக் கட்டிக்கிட்டுப் போனவ, கூப்பிடாமயே வந்து நின்னுட்டா. இவளைத் தூக்கிரு. ஆனா அம்மா மேல ஒரு புள்ளி மாறக்கூடாது. மாறுச்சுன்னா நாளைக்கு இந்தக் கடை இருக்காது!”

ஆல்பம் டிசைனர் தங்கநாயகி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். கேமராவின் ரா ஃபைலை, அதாவது மூலப் படத்தைத் திறந்து, படத்தில் இருந்தவர்களை வெட்டி, ஆளுக்கொரு தனி அடுக்காக, லேயராக வைத்தாள். பிறகு தங்கச்சியின் லேயரை மட்டும் மறைத்தாள். தங்கச்சியின் தோளைப் பிடித்திருந்த அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது.

“இந்தக் கைக்குக் கீழ யாரை வைக்கட்டுங்க?”

“என்னை வை!”

நெடுநெடுவென்று நிமிர்ந்து நின்ற அவருடைய லேயரை நகர்த்தி வைத்தாள். அம்மாவின் கை அவர் முழங்கையோடு நின்றுவிட்டது.

“தோளுக்கு எட்டலைங்க. நீங்க குனிஞ்ச படம் ஒண்ணு வேணும். ஆல்பம் போடும்போதே எல்லாப் படத்தையும் பார்த்துட்டேனுங்க. அன்னிக்கு அத்தனை பேரும் அம்மா கால்ல விழுந்தாங்க, உங்க தங்கச்சியுந்தான். நீங்க குனிஞ்ச படம் மட்டும் ஒண்ணுகூட இல்லீங்க.”

பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா குரல் கொடுத்தாள்.

“எம் பொண்ணை மறுக்கா கொண்டாந்து வெச்சுரு கண்ணு. இவன் குனியற அன்னிக்கு வேற படம் எடுத்துக்கலாம்.”